அப்பப்பாவின் கைத்துப்பாக்கியில் இருந்த 18.6

திருகோணமலை உவர்மலையில் எங்கள் பழைய வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, டிரங்குப் பெட்டியின் அடியில் காக்கித் துணி சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. 1942 ஏப்ரல் 9 அன்று சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி மீது விழுந்த ஜப்பானிய விமானத்திலிருந்து அப்பப்பா எடுத்தது என்று பெரியப்பா எப்போதும் சொல்லுவார்.

உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியாததால் நான் அதைத் தூக்கவே இல்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கிடந்தபடியே படம் எடுத்தேன். வலப்பக்கத்தில், பிடிக்குச் சற்று மேலே, ஒரு ஜப்பானிய எழுத்தும் 18.6 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. குழலின் அளவு என்று முதலில் நினைத்தேன். தவறு, இது ‘நம்பு’ (Nambu) என்ற ஜப்பானியக் கைத்துப்பாக்கியின் 14ஆம் வகை, தோட்டா 8 மில்லிமீற்றர். அந்த எழுத்து ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோவின் ‘ஷோவா’ ஆட்சிக்காலத்தைக் குறிப்பது. நம் ஆண்டைக் காண, அந்த ஆட்சியாண்டோடு 1925ஐக் கூட்ட வேண்டும்: 18 என்றால் 1943, 6 என்றால் ஜூன். விமானம் விழுந்து பதினான்கு மாதம் கழித்துச் செய்யப்பட்ட துப்பாக்கி!

அப்பப்பா பிரித்தானியப் படையோடு பர்மாவுக்குப் போய்வந்தவர். அங்கிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும். பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “போர்க்களத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லையே, தம்பி” என்றார்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது இலங்கையில் குற்றம். கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போவதும் பெரிய ஆபத்து. சட்டத்தரணி ஒருவர் மூலம் அறிவித்தோம். பொலிஸார் வீட்டுக்கே வந்து எடுத்துச் சென்றார்கள். காக்கித் துணியை மட்டும் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் இன்னும் எண்ணெய் வாசனை இருக்கிறது.