கடன் கொடுக்கும் முன் எம்.டி. பெயரைச் சரிபாருங்கள்

கடனுக்குச் சரக்கு கேட்பவரின் விசிட்டிங் கார்டில் 'நிர்வாக இயக்குநர், பிரைவேட் லிமிடெட்' என்றிருந்தால், பில் போடும் முன் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். இயக்குநர்கள் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம்.

2013 கம்பெனிகள் சட்டப்படி நிர்வாக இயக்குநர் என்பவர் இயக்குநர் குழுவில் ஒருவராக இருந்தே ஆக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்தப் பட்டம் கார்டில் மட்டும்தான். கூடவே லெட்டர்ஹெட்டில் இருக்கும் 21 இலக்க சி.ஐ.என். எண்ணையும் (எழுத்தும் எண்ணும் கலந்த கம்பெனி அடையாள எண்) பாருங்கள். 7, 8-ஆம் எழுத்துகள் மாநிலம், அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. "சேதராப்பட்டில் இருபது வருஷக் கம்பெனி சார்" என்பவரின் எண்ணில் 2023 இருந்தால், முதல் லோடுக்கு ரொக்கம் கேட்பதில் தப்பே இல்லை. (பழைய பார்ட்னர்ஷிப்பைக் கம்பெனியாக மாற்றியிருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.)

சி.இ.ஓ.வுக்கு (தலைமைச் செயல் அதிகாரி) இந்த இயக்குநர் பட்டியல் சோதனை பொருந்தாது. அவர் இயக்குநராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடலூர் கடைத்தெருவில் பாதிப் பேர் தனி உரிமையாளர்கள், அவர்கள் பெயரும் அங்கே வராது. அவர்களிடம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள்.