வியோட்டியின் வயலின் இசையைக் கேட்கத் தொடங்கும் முறை

இத்தாலிய வயலின் கலைஞர் ஜொவான்னி பத்தீஸ்தா வியோட்டி 29 வயலின் கான்செர்ட்டோக்களை, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை, இயற்றியவர். முதல் 19 பாரிசுக்காகவும், எஞ்சிய பத்தும் லண்டன் காலத்திலும் எழுதப்பட்டவை. புதிதாகக் கேட்பவர் எண் வரிசைப்படி தொடங்கினால் பாதியிலேயே சலித்துவிடக்கூடும் என்பதால், ஏ மைனர் என்ற சுரத்தொகுதியில் அமைந்த 22ஆம் கான்செர்ட்டோவை முதலில் எடுத்துக்கொள்வதே நல்லது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் பெரிதும் நேசித்த படைப்பு இது.

முதல் பகுதியில் இசைக்குழு மெல்லத் தொடங்கி நெடுநேரம் தனித்தே வாசிக்கும். வயலின் எங்கே என்று பதறி ஒலிப்பதிவைத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காத்திருப்புக்குப் பின் நுழையும் வயலினில், விரல்களின் வேகத்தைவிட, வில் அறுபடாமல் இழுக்கும் நீண்ட சுரங்களைக் கவனியுங்கள். வியோட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அக்காலத்தில் பாரிசில் வில் செய்த பிரான்சுவா தூர்த், குச்சியை உட்புறமாக வளைத்து, மயிரை அகன்ற பட்டையாகப் பரப்பி அமைத்தார். அடிமுதல் நுனிவரை ஒலி தளராமல் நிற்பதற்கு அவ்வமைப்பு பெரிதும் உதவியது. அடுத்து வரும் அடாஜியோ என்ற மெதுவான பகுதியை ஒரே அமர்வில் இருமுறை கேட்பது பயன் தரும். விறுவிறுப்பான இறுதிப் பகுதிக்கு ஒருமுறை போதும்.

வாழ்க்கை வரலாற்றை இதன் பிறகு படியுங்கள். 1755இல் இத்தாலியின் பியெமோந்தேயில் உள்ள ஃபோந்தானெத்தோ என்ற ஊரில் பிறந்த அவர், தூரினில் வயலின் கலைஞர் புன்யானியிடம் பயின்று, 1782இல் பாரிசின் கோன்செர் ஸ்பிரித்துவேல் என்ற பொதுக் கச்சேரித் தொடரின் மேடையில் ஒரே வீச்சில் புகழடைந்தார். மறு ஆண்டே பொதுக் கச்சேரிகளிலிருந்து விலகினார். பிறகு பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்தின் அரசவையில் பணிபுரிந்த அவரைப் பிரெஞ்சுப் புரட்சி 1792இல் லண்டனுக்குத் துரத்தியது. அங்கும் புரட்சியாளர் என்ற சந்தேகத்தின்பேரில் 1798இல் நாடுகடத்தப்பட்டு, ஹாம்பர்க் அருகே தங்கினார். அரண்மனையை அண்டி வாழ்ந்த ஒருவர்மீது இப்படி ஒரு பழி விழுந்தது கொடுமை. பின்னர் மது வணிகத்தில் இறங்கிப் பெருங்கடனில் சிக்கினார். 1824இல் லண்டனில் காலமானார்.

இதைப் படித்து முடித்ததும், ஹாம்பர்க் நாட்களில் அவர் இயற்றிய இரு வயலின்களுக்கான டூயட்டுகளைக் கேளுங்கள். துயரம் தந்த ஓய்வில் விளைந்தவை இவை என்றும், சில வேதனையாலும் சில நம்பிக்கையாலும் பிறந்தவை என்றும் அவரே முகப்பில் எழுதிவைத்தார். வயலின் கற்பவராக இருந்தால், உடன் பயிலும் ஒருவரை அழைத்து, மெதுவான பகுதி ஒன்றை வாசித்துப் பாருங்கள்; இசைக்குழுவின் துணையில்லாத இடத்தில் ஒரு வில் ஓயும்போது மற்றது எவ்வாறு தாங்கிக்கொள்கிறது என்பது அப்போது உங்கள் கைக்கே புரியும்.