மைக்ரோபைத்தான்: மெமரி காலியாக இருந்தும் 'மெமரி எரர்' வருவது ஏன்?

இஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டில் மைக்ரோபைத்தான் (சின்ன சிப்களுக்கான பைத்தான்) பழகுகிறவர்கள் ஒயரை மாற்றிச் செருகுவதையும் தப்பான போர்ட்டைத் தேர்ந்தெடுப்பதையும் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். அவை இங்கே வேண்டாம்.

லூப்புக்குள் புதுப்புது பஃபர்

எரிச்சலூட்டும் தவறு இதுதான்: ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) எடுப்பது. சென்சார் அளவை சர்வருக்கு அனுப்பும் நிரல் மேசைமேல் ஒழுங்காக ஓடும். மாடியில் பொருத்தி மூன்றாம் நாள் பார்த்தால் மூச்சில்லை. 1024 பைட் ஒதுக்க முடியவில்லை என்று சீரியலில் ஒரு வரி. காலி மெமரியைக் கேட்டால் 12 கிலோபைட் என்கிறது. உடனே பத்து இடங்களில் ஜிசி.கலெக்ட் (குப்பை சேகரிப்பானை ஓடவைக்கும் கட்டளை) தூவுவார்கள். நோய் ஒன்று, மருந்து வேறு.

மைக்ரோபைத்தானின் குப்பை சேகரிப்பான் வேண்டாததை விடுவிக்கும். மிஞ்சியதை நகர்த்தி ஒழுங்குபடுத்தாது. இங்கே ஹீப் (நிரல் ஓடும்போது மெமரி ஒதுக்கப்படும் பகுதி) 16 பைட் கட்டங்களால் ஆனது. 1024 பைட்டுக்கு 64 கட்டங்கள் அடுத்தடுத்துக் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு 'ரெசீவ்' அழைப்பும் புதிதாக ஒரு பைட்ஸ் ஆப்ஜெக்ட்டை உண்டாக்குகிறது. இடையில் நீங்கள் லிஸ்ட்டில் சேர்த்த சின்ன மதிப்பு ஒன்று நடுவில் போய் உட்கார்ந்தால், அந்தத் துண்டு அங்கேயே இரண்டாகிவிடும்.

பார்க்க வேண்டியது மொத்தக் காலி அளவை அல்ல. மைக்ரோபைத்தான்.மெம்_இன்ஃபோ காட்டும் 'மேக்ஸ் ஃப்ரீ' எண்ணை 16ஆல் பெருக்குங்கள். உண்மையில் ஒரே துண்டாகக் கிடைப்பது அவ்வளவுதான்.

நிரல் தொடங்கியதுமே ஒரு பைட்அர்ரே (மாற்றி எழுதக்கூடிய பைட் வரிசை) எடுத்து வையுங்கள். பிறகு எப்போதும் 'ரீட்இன்டூ' மூலம் அதிலேயே நிரப்புங்கள். அதன் ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால் மெமரிவியூ (நகலெடுக்காமல் அதே இடத்தைக் காட்டுவது) வழியாக வெட்டுங்கள். பைட்அர்ரேயை நேராக வெட்டினால் நகல் உருவாகும், மறுபடி அதே கதை. அனுப்பும் செய்தியையும் கூட்டல் குறி போட்டு நீளமாக வளர்க்காமல், துண்டு துண்டாக சாக்கெட்டில் எழுதிவிடலாம்.

ஹார்டு இன்டரப்ட்டுக்குள் லிஸ்ட்டை வளர்ப்பது

பின் மாறியதும் ஓடும் நிரலை நிறுத்தி உடனே அழைக்கப்படும் ஃபங்ஷன் இது. அங்கே ஹீப் பூட்டியிருக்கும், புதிதாக மெமரி ஒதுக்க முடியாது. ஒரு ஃப்ளாகை (நடந்ததைக் குறிக்கும் மாறி) மாற்றிவிட்டு வெளியேறுங்கள்.

பெரிய .பிஒய் ஃபைலை அப்படியே ஏற்றுவது

இம்போர்ட் செய்யும்போது போர்டே கம்பைல் செய்கிறது, அதற்கும் ரேம் தேவை. கணினியில் எம்பிஒய்-கிராஸ் என்ற கருவி கொண்டு முன்கூட்டியே கம்பைல் செய்த .எம்பிஒய் ஃபைலாக்கி ஏற்றுங்கள். அதன் பதிப்பு ஃபர்ம்வேருக்குப் பொருந்தாவிட்டால் இம்போர்ட்டே ஆகாது. ஃபர்ம்வேரோடு சேர்த்து 'ஃப்ரீஸ்' செய்தால் பைட்கோடு ஃபிளாஷிலிருந்தே ஓடும், ரேம் இன்னும் மிஞ்சும்.

டிக்ஸ்_எம்எஸ் மதிப்புகளை நேராகக் கழிப்பது

டிக்ஸ்_எம்எஸ் தரும் மில்லிநொடி எண் ஓர் எல்லையைத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கழிக்க டிக்ஸ்_டிஃப் பயன்படுத்துங்கள்.