வெண்டைக்காய்க் காம்பைத் தூக்கிப் போடாதீர்கள்

சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்கும்போது காம்புப் பக்கத்தைக் கொஞ்சம் நீளமாக விட்டு எடுத்து வையுங்கள். குழந்தை காம்பைப் பிடித்து, வெட்டிய பக்கத்தை வாட்டர் கலரில் தொட்டுத் தாளில் ஒற்றினால், ஐந்து அறைகளோடு பூ மாதிரி ஒரு அச்சு விழும். சில காயில் ஆறு, ஏழு மூலைகூட இருக்கும், எண்ணச் சொல்லுங்கள். வழவழப்பை முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கலர் வழுக்கிக்கொண்டு போகும்.

அப்புறம் கேரட். நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். ஒரே காயில் எப்படி இரண்டு வடிவம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "கத்தி சாஞ்சு போச்சுல்ல" என்றாள் என் நான்கு வயது மகள். இதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியாது.

உருளைக்கிழங்கில் முக்கோணம் செதுக்கித் தந்தால், அதைத் தலைகீழாகவும் ஒற்ற விடுங்கள். முனை கீழே வந்ததும் பல பிள்ளைகள் "இது முக்கோணம் இல்ல" என்பார்கள். உடனே திருத்த வேண்டாம். "மூலையை எண்ணு பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கத்தி மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.