பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கு அரசு நிதியுதவி பெறுவது எப்படி? செட்டிநாட்டுப் பெற்றோருக்கான வழிமுறை

பார்வையற்ற குழந்தைகளுக்கும் பார்வை குறைந்த குழந்தைகளுக்கும் அரசு ஒதுக்கும் பணம் பெரும்பாலும் மூன்று தடங்களில் வருகிறது. ஒன்று பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். இன்னொன்று மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மற்றொன்று மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் உபகரணத் திட்டமும். இவற்றில் எதுவும் வீடு தேடி வராது. எத்தனை குழந்தைகள் பதிவாகியிருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் பள்ளித் தடத்தில் அடுத்த ஆண்டுக்கான நிதியையே கேட்கிறார்கள் என்பதால், மனு எழுதுவதற்கு முன்பாகக் குழந்தையின் பெயரைக் கணக்கில் ஏற்றுவதுதான் நம் முதல் வேலை.

முதல் படி: சிகிச்சை முடிந்ததா என்று பாருங்கள்

பிறவிக் கண்புரை போன்றவற்றை உரிய காலத்தில் அறுவை செய்தால் பார்வையின் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும். 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்து, தேவைப்பட்டால் உயர் சிகிச்சைக்கு அனுப்பும். அந்தச் சிகிச்சை இலவசம். சான்றிதழுக்கு அலைவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஆவணங்களில் பெயரை ஒன்றாக்குங்கள்

நம் பகுதியில் மனுக்கள் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நகரத்தார் வீடுகளில் பிள்ளைக்கு அய்யா (தாத்தா) பெயரை வைத்துவிட்டு வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், நான்கைந்து எழுத்து கொண்ட விலாசத்தை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துத் தொடரை, முன்னெழுத்தாகப் போடுவதும் வழக்கம். பிறப்புச் சான்றிதழில் முழு விலாசமும், ஆதாரில் தகப்பனாரின் முதல் எழுத்து மட்டும், பள்ளிப் பதிவேட்டில் கூப்பிடும் பெயரும் இருந்தால், கணினி மூன்றையும் மூன்று பிள்ளைகளாகத்தான் பார்க்கும். எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்பதை வீட்டில் முடிவு செய்துவிட்டு, ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு மூன்றிலும் அதை ஒரே எழுத்துக்கூட்டலில் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆதார் எடுக்கும்போது குழந்தையின் கருவிழி பதிவாகவில்லை என்று மையத்தில் திருப்பி அனுப்பினால், விதிவிலக்குப் பதிவாக எடுத்துக்கொள்ளுமாறு கேளுங்கள்; ஆதார் விதிகளில் அதற்கு இடமுண்டு. குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கியதும் ஆதாரை அதனுடன் இணைக்கச் சொல்லுங்கள். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதில்தான் விழும்.

மூன்றாம் படி: தனித்துவ அடையாள அட்டை

யுடிஐடி என்று அலுவலகங்களில் சொல்லப்படும் இந்த அட்டை இல்லாமல் பெரும்பாலான உதவிகள் நகராது. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்திலேயே எந்த மருத்துவமனையில் பரிசோதனை என்று கேட்கும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால் இங்கே கவனம் தேவை: இராயவரத்துக்காரரும் கோனாபட்டுக்காரரும் கடை கண்ணிக்கெல்லாம் காரைக்குடிக்கு வந்தாலும், நலத்துறை அலுவலகம் அவர்களுக்குப் புதுக்கோட்டையில்தான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் அளப்பது, சிறந்த கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணில் எவ்வளவு பார்வை இருக்கிறது என்பதையே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, அந்தப் பார்வை 3/60க்கும் (நல்ல கண் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரில்தான் காண்பது) குறைவாக இருந்தாலோ, பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, 10 பாகைக்கும் குறுகியிருந்தாலோ அது பார்வையின்மை. அதற்கு மேல், 6/18க்கு உட்பட்டது குறைபார்வை. அதனால் போடும் கண்ணாடியையும் பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும் என்பதால், அன்றைக்கே பிள்ளையை வேறு அலுவலகத்துக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

சான்றிதழில் குறைபாட்டின் விழுக்காடு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பெரும்பாலான உதவித்தொகைகளுக்குத் தகுதி கிடைக்கும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை இல்லாமல் மறு கண் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மதிப்பீட்டு விதிப்படி 30 விழுக்காடுதான் வரும். அதைக் கூட்டித் தரச் சொல்லி மருத்துவரிடம் மன்றாடுவதில் பயனில்லை. கிடைத்த சான்றிதழ் நிரந்தரமானதா, காலவரையறை உள்ளதா என்பதை அன்றே படித்துப் பார்த்து, காலாவதி நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: பள்ளிக் கணக்கில் ஏற்றுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அட்டையின் நகலோடு தலைமை ஆசிரியரைப் பார்த்து, எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் குழந்தையின் பெயருக்கு எதிரே குறைபாட்டின் வகையும் அட்டை எண்ணும் ஏறியிருக்கின்றனவா என்று கேளுங்கள். ‘ஏத்தியாச்சு’ என்று வாயால் சொன்னால் போதாது. பணிவாகவே, திரையைக் காட்டச் சொல்லுங்கள். பார்வை வகை இருக்க வேண்டிய இடத்தில் வேறு வகை பதிவாகியிருந்தால், பிரெய்லி கற்பிக்க வேண்டிய பிள்ளையின் பெயர் வேறொரு பட்டியலுக்குப் போய்விடும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்க வழியுண்டு. அது கையில் கிடைக்கும் பணம் அல்ல. பிரெய்லிப் புத்தகம், பெரிய எழுத்துப் புத்தகம், துணையாளுக்கான படித்தொகை, உபகரணம் போன்றவற்றுக்காக வட்டார வள மையத்தின் வழியாகச் செலவாகிறது. கையில் வருவது பெண் குழந்தைகளுக்கான ஊக்கத்தொகை, மாதம் 200 ரூபாய், பத்து மாதங்களுக்கு. தொகை சிறியதுதான். ஆனாலும் என் கணிப்பில் இந்தத் தடத்தின் உண்மையான மதிப்பு, வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரிடம்தான் இருக்கிறது. பிரெய்லிச் சிலேட்டில் எழுத்தாணியைப் பிடிப்பதிலிருந்து மடக்குக் குச்சியைத் தட்டி நடப்பது வரை பழக்குபவர் அவரே. அவர் எந்தக் கிழமையில் வருகிறார் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை என அந்தந்த ஒன்றியத்து வள மையத்தில் விசாரிக்கலாம்.

சிறப்புப் பள்ளிதான் நல்லது என்று தோன்றினால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்தெடுத்து இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. பார்வைக் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி தஞ்சாவூரில் உண்டு; பெண் பிள்ளைகளுக்குத் திருச்சியில் உண்டு.

ஐந்தாம் படி: உதவித்தொகையும் உபகரணமும்

மாநில நலத்துறையின் கல்வி உதவித்தொகை 1ஆம் வகுப்பிலிருந்தே உண்டு. விண்ணப்பத்தில் தலைமை ஆசிரியரின் கையொப்பம் வாங்கி, ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பார்வையற்றவர்களுக்கு 9ஆம் வகுப்பிலிருந்து வாசிப்பாளர் உதவித்தொகையும் இருக்கிறது. பாடத்தை வாசித்துக் காட்டுபவருக்கான பணம் அது.

9, 10ஆம் வகுப்புகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகையும் உண்டு. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. வருமானச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகம் வரை போய்வர வேண்டும் என்பதால், அதற்கு முன்கூட்டியே இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள்.

மடக்குக் குச்சி, பிரெய்லி உபகரணம், ஒலிப்புத்தகக் கருவி ஆகியவை நலத்துறை வழியாகவோ, 1981 முதல் நடைபெறும் மத்திய உபகரண உதவித் திட்டத்தின் முகாம்களிலோ கிடைக்கும். மத்தியத் திட்டத்தில் ஒருமுறை வாங்கினால் மூன்றாண்டுகளுக்குப் பிறகுதான் மறுபடி வாங்கலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு போதும். வளரும் பிள்ளைக்குக் குச்சியின் உயரம் மாறும் அல்லவா, அதனால் இந்தச் சலுகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைச்சலைப் பொறுத்தவரை, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஆறாம் படி: பணம் வராவிட்டால்

ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, தேதியோடு ஒரே கோப்பில் போடுங்கள். முதலில் வங்கியில் ஆதார் இணைப்பைச் சரிபாருங்கள். அதில் குறை இல்லையென்றால், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒப்புகை நகலை இணைத்து மனு கொடுங்கள். முதலமைச்சரின் உதவி எண் 1100இலும் பதியலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன், ‘இன்ன தேதியில் கொடுத்த என் மனு இப்போது எந்த நிலையில் உள்ளது?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.