நீலத்தாடியின் சாவி: ஒரு பெண்ணிய மறுபுனைவை வாசிக்கும் முறை

தேவதைக் கதை ஒன்றின் பெண்ணிய மறுபுனைவைக் கையில் எடுக்குமுன் அதன் பழைய வடிவத்தை முழுமையாகப் படித்துவிட வேண்டும். எது மாறியிருக்கிறது என்று தெரியாதவருக்கு அந்த மாற்றத்தின் பொருளும் பிடிபடாது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட நீலத்தாடிக் கதையையும், ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் அதை மாற்றி எழுதிய ‘குருதி அறை’யையும் அருகருகே வைத்துப் பயிலலாம். இரண்டிலும் கணவன் புது மனைவியிடம் சாவிகளைக் கொடுத்து, ஓர் அறையை மட்டும் திறக்கக் கூடாது என்று சொல்லிச் செல்கிறான்; அவள் திறந்து, அவன் கொன்ற முந்தைய மனைவியரைக் காண்கிறாள்; சாவியில் குருதி படிகிறது.

முதலில் கதையில் பருவம் கடக்கும் சடங்கின் தடத்தைத் தேடுங்கள். இத்தகைய சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்னும் மூன்று கட்டங்கள் உண்டு என்று மானுடவியலாளர் ஆர்னால்ட் வான் கென்னெப் 1909இல் எழுதினார். கார்ட்டரின் கதையில் பதினேழு வயது மணப்பெண் தாயைப் பிரிந்து ரயிலேறுகிறாள். கடல் ஏறும்போதெல்லாம் கரையிலிருந்து துண்டிக்கப்படும் கோட்டை, நிலத்துக்கும் நீருக்கும் உரியதாகாத இடைநிலையாகவே அமைகிறது. ஆனால் சடங்கில் சோதனை வைக்கும் மூத்தோர், தேறியவளை ஏற்றுக்கொள்ளக் காத்திருப்பார்கள்; இங்கே சோதனை வைக்கும் கணவனோ அவளைக் கொல்லக் காத்திருக்கிறான். இந்த முரணைக் கவனிக்காத வாசிப்பு, வன்முறையையே பக்குவம் என்று தவறாகப் புரிந்துகொள்ளும்.

அடுத்து, குறியீட்டுக்கு அகராதிப் பொருள் தேடாமல், ஒரே பொருளைக் கதை முழுதும் பின்தொடருங்கள். பெரோவின் சாவியில் படிந்த குருதி ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் தோன்றி மனைவியைக் காட்டிக்கொடுக்கிறது. கதை முடிவில் வரும் நீதியும் அவளுடைய ஆவலையே கடிகிறது. கார்ட்டரிடம் அதே கறை, கணவன் சாவியை அழுத்துவதால் அவள் நெற்றிக்கு இடம்பெயர்ந்து, அழியாமல் நின்றுவிடுகிறது. திருமணப் பரிசாகக் கழுத்தில் ஏறிய மாணிக்கப் பட்டை, அவளுடைய தலையை வெட்ட அவன் பின்னர் வாள் ஓங்குவதை முன்கூட்டியே உணர்த்துகிறது.

மீட்க வருபவர் யார் என்பதையும் பாருங்கள். பெரோவிடம் அண்ணன்மார் வருகிறார்கள். கார்ட்டரிடம் தாய் குதிரையில் வந்து, இறந்துபோன தன் கணவரின் துப்பாக்கியால் மகளைக் கொல்ல வந்தவனைச் சுடுகிறாள். மகள் தானாக எதையும் சாதிக்கவில்லை என்ற குறை நியாயமானதே. எனினும் கதையைச் சொல்பவள் அவளே என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். நெற்றிக் கறையை, கதை முடிவில் தன்னோடு வாழும் பார்வையற்ற துணைவன் காண முடியாதது குறித்து அவள் நிம்மதி கொள்ளும் இடத்தில், விடுதலை என்று அவசரமாக எழுதிவிடாமல், எஞ்சியிருக்கும் வெட்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சேற்றிய இதே வகைக் கதை ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். அதில் மூன்றாம் தங்கை, மந்திரவாதி தன்னிடம் ஒப்படைத்த, கறைபடக்கூடாத முட்டையைப் பத்திரப்படுத்திய பிறகே தடுக்கப்பட்ட அறையைத் திறந்து, கொல்லப்பட்ட அக்காள்மாரைத் தானே உயிர்ப்பிக்கிறாள்.