ஜப்பான் எழுத்துகளைச் சேர்த்தே படியுங்கள்

திருகோணமலையில் என்னிடம் ஜப்பான் மொழி படிக்க வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒலியைக் குறிக்கும் ஹிரகானா, கதகானா, சீனத்திலிருந்து வந்த காஞ்ஜி என்ற மூன்று எழுத்து வகையையும் மூன்று பாடமாகப் பிரிக்காதீர்கள். ஜப்பானியர் ஒரே வரியில் கலந்துதான் எழுதுகிறார்கள்.

ஜப்பானிலிருந்து இறக்கிய நம்மூர் வான்களில் திறப்பைப் போட்டதும் ஒரு பெண் குரல் கேட்குமே, "ஈடிசி காடோ கா சோன்யூ சரெதே இமாசென்" என்று? கட்டண வீதிக்கான அட்டை செருகப்படவில்லை என்கிறது. அதை எழுதிப் பாருங்கள். 'ஈடிசி' ஆங்கில எழுத்து. 'காடோ' வெளிநாட்டுச் சொல், அதனால் கோணலான கதகானா. செருகுவதைக் குறிக்கும் 'சோன்யூ' இரண்டு காஞ்ஜி. உருபு போல ஒட்டும் 'கா'வும், 'சரெதே இமாசென்' என்ற வினைமுடிவும் வளைவான ஹிரகானா. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எழுத்து மாறும் இடத்தைப் பார்த்தே கண் சொல்லைப் பிரித்துக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சரி, வரிசை? ஹிரகானா 46, அப்புறம் கதகானா 46. அங்கே பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே 1026 காஞ்ஜி படிக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136. காஞ்ஜிக்கு மேலே பொடி ஹிரகானாவில் உச்சரிப்பு போட்ட புத்தகமாக வாங்குங்கள்.

கைபேசியில் ஒலியைத் தட்டினால் பொருந்தும் காஞ்ஜிகள் வரிசையாக வரும், சரியானதைத் தொட வேண்டும். ஆகவே அடையாளம் காணும் பயிற்சிக்கே கூடுதல் நேரம் கொடுங்கள். படிவங்களில் எழுத வேண்டிய பெயரையும் முகவரியையும் மட்டும், கோடுகளின் ஒழுங்கு பிசகாமல் கையால் எழுதிப் பழகுங்கள்.